சளி முடிவு ஒரு கிழமை இழுபடுது: வன்னிப் பக்கச் சின்ன ஆஸ்பத்திரியில் ரீ.பி.யைக் கெதியாப் பிடிக்க என்ன வழி?

முறிகண்டியான் கேட்டது:

வணக்கம். ஏ9 வீதியில இருந்து நல்லா உள்ளுக்க இருக்கிற ஒரு பிரதேச வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்காகக் கேக்கிறன். கையில இருக்கிறது: ஒரு இரட்டைக்கண் நுணுக்குக்காட்டி, சீல்-நீல்சன் சாயச் சாமான் (ரீ.பி. கிருமியைச் சிவப்பாக் காட்டுறது), ஒரு பிரிட்ஜ், ஒரே ஒரு எம்.எல்.ரீ. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்). எக்ஸ்ரே இல்லை. சளியில ரீ.பி. கிருமியின்ர டி.என்.ஏ.யைத் தேடுற ஜீன்எக்ஸ்பேர்ட் மெசின் மாவட்ட மட்டத்திலதான். வாகனம் கிழமைக்கு ரெண்டு தரம் போகும்.

இப்ப நடக்கிறது இதுதான். ஓ.பி.டி.க்கு வாற அண்டைக்கு ஒரு சளி, அடுத்த நாள் விடியச்சளி, பிறகு மூண்டாவது. அரிவு வெட்டுக் காலமெண்டால் ஆள் ரெண்டாவதுக்கே வராது. முடிவு வாறதுக்குள்ள ரெண்டு தரம் அன்ரிபயோட்டிக் குடிச்சு முடிச்சிருப்பார்.

கேள்வி மூண்டு. சளி எடுக்கிறதை ஒரே நாளில முடிக்கலாமோ? எக்ஸ்பேர்ட்டுக்கு எதை, எப்பிடி அனுப்புறது? ஸ்லைட்டில சில நாள் எல்லாம் நீலமா இருக்கு, சில நாள் சிவப்புத் தூளாக் கிடக்கு. சாயத்தில எங்க பிழை?

புது மெசின் கேட்டு எழுதச் சொல்லாதேங்கோ. அது எழுதிப் போட்டாச்சு.

---

சிவப்புக்கோல் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: முடிக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2007 இலேயே மூன்று சளியை இரண்டாகக் குறைக்கலாம் என்று சொல்லிவிட்டது. பிறகு இரண்டையும் ஒரே நாளில் எடுக்கலாம் என்றது. வந்தவுடன் ஒன்று, ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. நுணுக்குக்காட்டியில் பிடிபடக்கூடிய ஆட்களில் ஏறத்தாழ 85 வீதத்தை முதல் சளியே காட்டிக் கொடுத்துவிடும். மூன்றாவது சளி கூட்டித் தருவது 2 முதல் 5 வீதம்தான். அந்தச் சிறு வீதத்துக்காக ஆளை மூன்று நாள் பஸ் ஏற வைத்தால் இடையில் தொலைபவர்கள் அதைவிடக் கூட. ஆனால் நீங்களாக மாற்றாதீர்கள். மாவட்டக் காசநோய் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் சொல்லி, எழுத்தில் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள்.

ஒரே நாள் முறை பலிப்பதும் பலிக்காததும் சளியின் தரத்தில் இருக்கிறது. ஆளிடம் போத்தலைக் கொடுத்து "துப்பிக்கொண்டு வாங்கோ" என்றால் எச்சில்தான் வரும். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நம்மூர் வெற்றிலைக்காரருக்கு இரண்டு மூன்று தடவை. பாக்குத் துகள் ஸ்லைட்டையும் கெடுக்கும், எக்ஸ்பேர்ட் கார்ட்ரிட்ஜையும் (மாதிரியை விட்டு மெசினுக்குள் வைக்கிற கூடு) அடைக்கும். பிறகு இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சை இழுத்து, சில செக்கன் பிடித்து, அடிநெஞ்சில் இருந்து இருமச் சொல்லுங்கள். 3 முதல் 5 மில்லிலீற்றர் வந்தால் நல்லது. கக்கூசுக்குள்ளும் ஓ.பி.டி. வாங்கிலும் இருமவிடக் கூடாது. வெளியே, காற்றோட்டமாக, ஆட்கள் போய்வராத ஒரு வேம்பு நிழல் போதும். இருமும்போது பக்கத்தில் நிற்க வேண்டாம். எச்சில் மாதிரி இருக்கிறது என்று மாதிரியைத் திருப்பி அனுப்பாதீர்கள். அதையும் பாருங்கள், இன்னொன்றும் கேளுங்கள். பெயர், இலக்கம் போத்தல் உடம்பில் எழுத வேண்டும். மூடியில் எழுதினால் இரண்டு மூடி மாறினால் கதை முடிந்தது.

இனி ஸ்லைட். சளியில் மஞ்சளாக, கட்டியாக இருக்கிற துண்டைத் தேடி எடுங்கள். கம்பி வளையத்தை விட முறித்த மூங்கில் குச்சி நல்லது. அதன் பிசிறு முனை சளியைப் பிடிக்கும், நெருப்பில் காட்டித் தெறிக்க வைக்க வேண்டிய தேவையும் இல்லை. 2 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில், சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிப் பரப்புங்கள். 15 நிமிடம் தானாகக் காயட்டும். வெயிலில் வைக்க வேண்டாம், ஈரமாக இருக்கும்போது சுவாலையிலும் காட்ட வேண்டாம்.

தடிப்புச் சரியா என்று பார்க்க ஒரு பழைய பேப்பர் போதும். காய்ந்த, சாயம் போடாத ஸ்லைட்டை அச்செழுத்துக்கு 4, 5 செ.மீ. மேலே பிடியுங்கள். எழுத்து மங்கலாக, ஆனால் வாசிக்கக்கூடியதாகத் தெரிய வேண்டும். எழுத்தே தெரியாவிட்டால் தடிப்பு. கழுவும்போது உரிந்து போகும், மிஞ்சியதும் நீலச் சேறாக இருக்கும். பளிச்சென்று தெரிந்தால் மெல்லிசு. கிருமி இருந்தும் அகப்படாது. "எல்லாம் நீலம்" என்ற உங்கள் முறைப்பாட்டில் பாதி இங்கேதான் இருக்கும்.

மற்றப் பாதி சூடாக்குவதில். 1 வீதக் கார்போல் ஃபுக்சினை வடித்து ஊற்றி, கீழிருந்து ஸ்பிரிட் பஞ்சால் ஆவி எழும்பும்வரை சூடாக்குங்கள்; 10 நிமிடம் சாயம் நிற்க வேண்டும், இடையில் ஆவி அடங்கினால் திரும்பச் சூடு. கொதித்தால் பிழை. காய்ந்து போனால் அதைவிடப் பிழை: நீங்கள் சொல்கிற சிவப்புத் தூள் அப்படி வருகிற படிகம்தான். வடிக்காத பழைய சாயமும் அதே வேலையைச் செய்யும். கழுவிய பிறகு 25 வீதக் கந்தக அமிலம் 3 நிமிடம். இன்னும் சிவப்பாக இருந்தால் மேலும் 1 முதல் 3 நிமிடம். பிறகு 0.3 வீத மெதிலீன் ப்ளூ 1 நிமிடம், கூட விடாதீர்கள். நீலம் கடுமையானால் சிவப்புக் கிருமி அதற்குள் ஒளிந்துவிடும்.

கழுவுகிற தண்ணீர் பற்றி ஒன்று. வன்னிக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் நிறைய இடத்தில் உவர்; காய்ந்தால் ஸ்லைட்டில் வெள்ளைப் படிவு நிற்கும். அதைவிட ஆபத்து, தாங்கியிலும் குழாயிலும் வாழ்கிற தீங்கற்ற மைகோபக்ரீரியா (காசநோய்க் கிருமியின் இனத்தவை). அவையும் இதே சாயத்தில் சிவப்பாகத்தான் நிற்கும். சாயம் கரைக்கக் காய்ச்சி வடித்த நீர்தான்.

வாசிப்பு: 100 மடங்கு வில்லை, செயற்கை ஒயில். ஒயில் சொட்டும் குச்சி ஸ்லைட்டில் தொடக் கூடாது. ஒரு ஸ்லைட்டின் கிருமி போத்தலுக்குள் போய் அடுத்தவரைப் பொய்யாக நோயாளி ஆக்கும். 2 செ.மீ. நீளத்தை நடுவால் ஒரு தரம் கடந்தால் ஏறத்தாழ 100 ஃபீல்ட் (வில்லையில் ஒரு தரத்தில் தெரிகிற வட்டம்). நெகடிவ் சொல்ல அந்த 100 வேண்டும். அதற்கு 5 நிமிடமாவது எடுக்கும். 100 ஃபீல்டில் 1 முதல் 9 என்றால் எண்ணிக்கையை அப்படியே எழுதுங்கள். 10 முதல் 99 என்றால் 1+. ஒரு ஃபீல்டுக்கு 1 முதல் 10 என்றால் 2+ (50 ஃபீல்ட் பார்த்தால் போதும்). 10ஐத் தாண்டினால் 3+, அதற்கு 20 ஃபீல்டே காணும். ஒரு ஆள் ஒரு நாளில் 20, 25 ஸ்லைட்டுக்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லத் தொடங்கும். பார்த்த ஸ்லைட்டைக் கழுவித் திரும்பப் பாவிக்கவே வேண்டாம்.

நன்கொடை ஏதும் வந்தால் எல்.ஈ.டி. ஒளிர்வு விளக்குக் கேளுங்கள். அந்த விளக்கில் ஒளிர்கிற ஓரமைன் சாயத்துக்குச் சூடு வேண்டாம், 20 அல்லது 40 மடங்கு வில்லையில் பார்ப்பதால் ஒரு ஸ்லைட் 1, 2 நிமிடத்தில் முடியும், சீல்-நீல்சனை விட ஏறத்தாழ 10 வீதம் கூடப் பிடிக்கும். சாயத்தைக் கறுத்தப் போத்தலில் வையுங்கள், ஸ்லைட்டை அண்டைக்கே வாசியுங்கள், வெளிச்சத்தில் மங்கிவிடும்.

---

நெஞ்சுச்சளி எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒரு இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். நுணுக்குக்காட்டியை முதற் பரிசோதனை என்று நினைக்கிற பழக்கத்தையே விட வேண்டும். ஒரு மில்லிலீற்றரில் 5,000 முதல் 10,000 கிருமி இருந்தால்தான் ஸ்லைட்டில் தெரியும். பழைய எக்ஸ்பேர்ட் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 130ஐப் பிடிக்கும், புதிய அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் 16 அளவிலேயே பிடிக்கும். ஸ்லைட் நெகடிவ் ஆனபிறகு அனுப்பினால் ஒரு வாகனத்தைத் தவறவிட்டாயிற்று. முதல் சளியிலேயே ஒரு பங்கு எக்ஸ்பேர்ட்டுக்கு ஒதுக்குங்கள், மற்றதை அண்டைக்கே ஸ்லைட் போடுங்கள். ஸ்லைட் பொசிடிவ் என்றால் மருந்து தொடங்க வழி திறந்தது. எக்ஸ்பேர்ட் வந்து, காசநோயின் முக்கிய மருந்தான றிபம்பிசினுக்குக் கிருமி எதிர்ப்போ என்று சொல்லும். ஸ்லைட் நெகடிவ் என்றால் மாதிரி ஏற்கெனவே வழியில் இருக்கும்.

---

சிவப்புக்கோல் எழுதியது:

கார்ட்ரிட்ஜ் தட்டுப்பாடு வருகிற மாதத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், டொக்டர். ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன், கார்ட்ரிட்ஜ் இருக்கும்வரை அதுதான் ஒழுங்கு. மருந்து குடிக்கிறவரின் தொடர் பரிசோதனைக்கு மட்டும் எக்ஸ்பேர்ட் கேட்காதீர்கள். செத்த கிருமியின் டி.என்.ஏ.யும் பொசிடிவ் காட்டும். அதற்கு ஸ்லைட்தான்.

---

குளிர்பெட்டி எழுதியது:

எக்ஸ்பேர்ட் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அனுப்புவது: குறைந்தது 1 மில்லிலீற்றர், எதுவும் கலக்காத சளி. ஃபோர்மலின் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். 35 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் 3 நாள் தாங்கும். பிரிட்ஜில் 2 முதல் 8 பாகையில் வைத்தால் மொத்தம் 10 நாள். ஆனால் சித்திரை, வைகாசியில் மாங்குளச் சந்தியில் நிறுத்தி வைத்த வாகனத்துக்குள் 35 பாகை என்பது கனவு. ஆகவே பெட்டியும் ஐஸ் பையும் கட்டாயம். போத்தலை ஐஸ் பையோடு நேரே முட்ட விடாமல் நடுவில் கடதாசி மட்டை வையுங்கள். போத்தல், அதைச் சுற்றிப் பஞ்சு, பிளாஸ்டிக் பை, பிறகு பெட்டி, நிமிர்த்தி. விண்ணப்பப் படிவம் பைக்கு வெளியே இருக்க வேண்டும். சளி ஊறின படிவத்தை ஒருவரும் தொட மாட்டார்கள், முடிவும் வராது.

வாகனம் கிழமைக்கு இரண்டு தரம் என்றால், ஓ.பி.டி.யில் சளி எடுப்பதை அந்த நாட்களோடு பொருத்துங்கள். வாகனம் போகும் நாள் காலை சந்தேக ஆட்களை வரச் சொல்லி, எடுத்த சளி மத்தியானமே புறப்பட்டால் இரண்டு நாள் மிச்சம். மற்ற நாட்களில் வருபவரைத் திருப்பி அனுப்பாமல் அண்டைக்கே எடுத்து பிரிட்ஜில் போடுங்கள். மாரியில் பாதை வெட்டுப்படும்போதும் அந்த 10 நாள்தான் கை கொடுக்கும். பிரிட்ஜில் தடுப்பூசியோடோ சாப்பாட்டோடோ வைக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

மெசின் வைத்திருக்கிறவர்கள் வாசித்தால் அவர்களுக்கும் கொஞ்சம். ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு எக்ஸ்பேர்ட் திரவம், மூடி நன்றாகக் குலுக்கி 15 நிமிடம், இடையில் இன்னொரு தரம் குலுக்கு. பிறகு பார்த்தால் தண்ணீராக ஓட வேண்டும்; இன்னும் நூலாக இழுபட்டால் கார்ட்ரிட்ஜில் விடாதீர்கள். 2 மில்லிலீற்றர் கோடுவரை, குமிழி இல்லாமல். 2008 என்ற பிழை வந்தால் உள்ளே அமுக்கம் கூடியிருக்கு: சளி கரையவில்லை அல்லது சாப்பாட்டுத் துகள். 5006, 5007, 5008 வந்தால் முதலில் விட்ட அளவையும் குமிழியையும் பாருங்கள். 2127 வந்தால் பெரும்பாலும் மின்சாரம், கணினித் தொடர்பு. அறை 15 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும், ஆகவே ஏ.சி. ஆடம்பரமில்லை, சோளகம் அடிக்கிற மாதங்களில் விசிறி வடிகட்டியைத் துப்புரவாக்காவிட்டால் மெசின் புழுதியில் மூச்சுத் திணறும். யூ.பி.எஸ். இல்லாமல் ஓட்ட வேண்டாம். அல்ட்ரா 80 நிமிடத்துக்குள் முடியும், ஆனால் நடுவில் கரண்ட் போனால் அந்தக் கார்ட்ரிட்ஜ் போனதுதான். பிழை வந்த மாதிரியின் மிச்சம் இருந்தால் அண்டைக்கே திரும்பப் போடுங்கள். "மாதிரி மீண்டும் அனுப்பவும்" என்று எழுதுவது கடைசி வழி.

---

முறிகண்டியான் கேட்டது:

நன்றி அண்ணை. "ட்ரேஸ்" எண்டு ஒரு முடிவு வந்தால் வாட்டில என்ன சொல்லுறது? பொசிடிவோ, நெகடிவோ?

---

நெஞ்சுச்சளி எழுதியது:

கிருமி மிகக் கொஞ்சம் இருக்கிறது, றிபம்பிசின் பற்றிச் சொல்ல முடியாது என்று பொருள். பிள்ளை, எச்.ஐ.வி. உள்ளவர், நுரையீரலுக்கு வெளியே எடுத்த மாதிரி என்றால் பொசிடிவாகவே எடுங்கள். கடந்த 5 வருடத்துக்குள் காசநோய் மருந்து எடுத்த பெரியவர் என்றால் பழைய கிருமியின் மிச்சமாக இருக்கலாம். எக்ஸ்ரே பார்த்து, புதுச் சளி எடுத்துத் தீர்மானிக்க வேண்டும். றிபம்பிசின் எதிர்ப்பு என்று வந்தாலும், எதிர்ப்புக்கு முகாந்திரமே இல்லாத ஆளில் கிருமி மிகக் குறைவாக இருந்து அப்படி வந்தால் இன்னொரு சளியில் ஒருதரம் உறுதிப்படுத்துங்கள். உறுதியானால் வெலிசறைத் தேசிய ஆய்வுகூடத்துக்குக் கிருமி வளர்ப்புக்குப் போக வேண்டும். வளர்ப்புத் திரவ ஊடகத்தில் 6 கிழமைவரை, திட ஊடகத்தில் 8 கிழமைவரை எடுக்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது, மாவட்ட மார்பு சிகிச்சை நிலையத்தோடு அண்டைக்கே கதையுங்கள்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே நேரம் போகிற இடங்களையும் சொல்ல வேண்டும். இருமல் 2 கிழமை தாண்டினால் சளி. நீரிழிவு, சிறுநீரக நோய், வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி, மது கூடக் குடிக்கிறவர் என்றால் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. அன்ரிபயோட்டிக் கொடுக்கிறதென்றால் சளி எடுத்த பிறகு கொடுங்கள். சிப்ரோ (சிப்ரோஃப்ளொக்சசின்), லீவோ (லீவோஃப்ளொக்சசின்) வேண்டாம். அந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடிக்கும்: ஆளுக்குச் சுகம் மாதிரி இருக்கும், சளி நெகடிவாகும், ஒரு மாதம் கழித்து மோசமாகி வருவார்.

நீரிழிவுக்காரரின் எக்ஸ்ரேயில் மேல் நுரையீரல் துப்புரவாக இருந்து கீழ்ப்பகுதி பழுதாக இருந்தாலும் காசநோயை ஒதுக்காதீர்கள். அதே ஆள் வயல்காரர், கடும் காய்ச்சல், சளி இரண்டுதரமும் எக்ஸ்பேர்ட் நெகடிவ் என்றால் மெலியொயிடோசிசை நினையுங்கள். சேற்றிலும் வயல்தண்ணீரிலும் இருக்கிற கிருமி. நெஞ்சில் காசநோய் மாதிரியே வேடம் போடும், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும். அன்ரிபயோட்டிக்குக்கு முதல் இரத்த வளர்ப்பு எடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் "ஏதோ சூடோமோனாஸ், கலப்படம்" என்று தள்ளிவிடுவது வழமையான தவறு. ஒக்சிடேஸ் பொசிடிவ், ஜென்ராமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாமல், கோ-அமொக்சிகிளேவுக்கு மசிகிற கிராம் நெகடிவ் கோல்வடிவக் கிருமி என்றால் குப்பையில் போடாதீர்கள்.

கழுத்துக் கட்டி வெட்டினால் முழுவதையும் ஃபோர்மலினில் போட வேண்டாம். போட்டால் அதில் வளர்ப்பும் செய்ய முடியாது, எக்ஸ்பேர்ட்டும் நம்ப முடியாது. ஒரு துண்டைச் சேலைனில் தனியாக வையுங்கள். இதைச் சத்திரசிகிச்சைக்கு முதல் தியேட்டரில் சொல்லி வைக்க வேண்டும். பிறகு சொல்லி வேலையில்லை.

பிள்ளைகள் சளியை விழுங்கிவிடும், ஆகவே மலத்தில் தேடலாம். 0.8 கிராம், அதாவது ஒரு பெரிய கடலை அளவு, எக்ஸ்பேர்ட் திரவம் 8 மில்லிலீற்றர் உள்ள போத்தலில் போட்டு 30 செக்கன் குலுக்கி, 10 நிமிடம் விட்டு, திரும்பக் குலுக்கி, இன்னொரு 10 நிமிடம் விட்டு, மேலே தெளிந்ததில் 2 மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். அடியில் உள்ள மண்டி கார்ட்ரிட்ஜுக்குள் போகக் கூடாது. நெகடிவ் வந்தால் பிள்ளைக்கு இல்லை என்று முடிவெடுக்காதீர்கள்.

---

குளக்கட்டு எழுதியது:

நான் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பக்கத்தில நிண்டு சொல்லுறன். நீங்கள் ஒரே நாளில முடிவு எடுத்தாலும் அந்தக் கடதாசி ஓ.பி.டி. லாச்சிக்குள்ள நாலு நாள் கிடந்தால் என்ன பிரியோசனம்? பொசிடிவ் எண்டால் எம்.எல்.ரீ. அண்டைக்கே எம்.ஓ.வுக்கும் (வைத்திய அதிகாரி) மார்பு சிகிச்சை நிலையத்துக்கும் போன் எடுக்கோணும். வட்ஸ்அப் குறூப்பில ஆளின்ர பேரைப் போடாதேங்கோ, ஆய்வுகூட இலக்கம் போதும். கசம் எண்ட பேர் ஊருக்குள்ள போனால் அந்த வீட்டுக் கல்யாணம் குழம்பும், பிறகு அந்தக் குடும்பத்தில ஒருத்தரும் சளி தர மாட்டினம்.

சளி எடுக்கேக்கயே ரெண்டு போன் இலக்கம் வாங்குங்கோ: ஆளின்ர, பக்கத்து வீட்டின்ர. விலாசத்தில "4ஆம் யூனிற், புதுக்குடியிருப்பு" மாதிரி எழுதினால் நாங்கள் ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் மிதிக்கோணும். எந்த வாய்க்கால், எந்தக் கடை, எந்தக் கோயிலுக்குப் பின்னால எண்டு எழுதுங்கோ. கூலிக்கு வெளி மாவட்டத்தில இருந்து வந்து வாடியில தங்கிறவையிட்ட, எப்ப திரும்பிப் போறியள் எண்டும் கேட்டு எழுதுங்கோ.

பொசிடிவ் வந்த அண்டைக்கே வீட்டில ஆர் ஆர் இருக்கினம், 5 வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கோ எண்டு கேட்டுப்போட்டால் எங்களுக்கு வேலை பாதி குறையும். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் இல்லாட்டிலும் தடுப்பு மருந்து தேவை.

---

முறிகண்டியான் கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்டு: கந்தக அமிலம் முடியப் போகுது, அடுத்தது எப்ப வரும் எண்டு தெரியாது. அசிட் அல்ககோல் பாவிக்கலாமோ?

---

சிவப்புக்கோல் எழுதியது:

தாராளமாக. 95 வீத அல்ககோல் 97 மில்லிலீற்றருக்கு அடர் ஐதரோகுளோரிக் அமிலம் 3 மில்லிலீற்றர், மெதுவாக. 3 நிமிடம்தான். ஒன்று கவனம்: ஸ்பிரிட் சுவாலை எரிந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் அசிட் அல்ககோல் போத்தலைத் திறக்க வேண்டாம், சூடாக்கி முடித்து, நெருப்பை அணைத்து, ஸ்லைட் ஆறி, கழுவிய பிறகுதான். கந்தக அமிலம் திரும்ப வந்ததும் 750 மில்லிலீற்றர் தண்ணீருக்குள் 250 மில்லிலீற்றர் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள், பாத்திரம் குளிர்ந்த தண்ணீரில் நிற்க வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீர் விட்டால் முகத்துக்குத் தெறிக்கும்.

எதைக் கலந்தாலும் போத்தலில் திகதி எழுதி, தெரிந்த பொசிடிவ் ஸ்லைட் ஒன்றும் நெகடிவ் ஒன்றும் முதலில் போட்டுப் பாருங்கள். பொசிடிவில் சிவப்பும் நெகடிவில் வெறும் நீலமும் வராவிட்டால் அந்தப் போத்தலை நோயாளி ஸ்லைட்டில் பாவிக்காதீர்கள்.